வெற்றியும் விசுவாசமும்



வலை நிறைந்தால் கடவுள் அருளினார் என்கிறோம். வெறுமையாக வந்தால் கைவிட்டார் என்கிறோம். மன்னார்க் கரையின் வரலாறோ வேறு பாடம் புகட்டுகின்றது.

1544ஆம் ஆண்டில் மன்னார் மக்கள் புனித சவேரியாரை அழைத்தனர். அவரால் வர இயலவில்லை. வேறொரு குருவை அனுப்பினார். மக்கள் ஞானஸ்நானம் பெற்றனர். இதனைப் போர்த்துக்கேய ஆதிக்கத்தின் முன்னோடியெனக் கருதிய யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் படையனுப்பினான். ஏறத்தாழ 600 பேர் வாளுக்கு இரையாயினர். விசுவாசத்தை மறுதலிக்க மனமின்றியே அவர்கள் மாண்டனர் என்பது மரபு. மன்னனைத் தண்டிக்கத் திட்டமிட்ட படையெடுப்பும் நடவாது போயிற்று. உலகக் கணக்கில் இது முழுத் தோல்வி.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். விசுவாசம் வென்றுவிட்டதென அன்று சிலர் மகிழ்ந்திருக்கலாம். ஆனால், 1658இல் அக்கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்க வழிபாடு தடைப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர். கோட்டையால் காக்க முடியாததை எளிய மக்களே காத்தனர். மாந்தையிலிருந்த மாதாவின் சுரூபத்தைக் காட்டுவழியே கொண்டுசென்றனர். அது பின்னர் மடுவில் நிலைபெற்றது. 1687இல் யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தபோது, மறைவில் செபித்துவந்த விசுவாசிகளைக் கண்டார்.

அந்த அறுநூறுவரின் பெயர்களை நாம் அறியோம். தம் மரணத்தால் என்ன விளையும் என்பதை அவர்களும் அறிந்திலர். பலனைக் காணாமலே உண்மையாய் இருந்தனர். தொழிலிலோ தேர்விலோ தோற்று, ‘கடவுள் என்னைக் கைவிட்டாரோ’ என்று கலங்கும் நேயர், அவர்கள் நினைவாக ஆலயம் எழுந்துள்ள தோட்டவெளியை ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.