பல் ஊசிக்கு ஏன் பயம்?

(ஏனாத்தூர் மாதக் கூட்டத்தில் பேசியது)



கன்னத்தில் கை வைத்துக்கொண்டே தறியில் உட்காருகிறோம். கேட்டால், "ஊசியை நெனச்சாலே உதறுது, கிராம்பு வச்சிருக்கேன்" என்கிறோம். மாசக்கணக்கில் கடை மாத்திரையில் ஓட்டிவிட்டு, கன்னம் வீங்கிய பிறகு போனால், சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகும் மருந்து சரியாகப் பிடிக்காது. வலிக்கத்தான் செய்யும். பழி மட்டும் ஊசி மேல்!

அந்த மருந்து பெரும்பாலும் லிக்னோகெயின். 1943-இல் ஸ்வீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. வலி நரம்பு வழியாக மூளைக்குப் போகாமல் தடுக்கும். நினைவு தப்பாது. கூடவே சேர்க்கும் அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கி, மருந்தை அங்கேயே நிறுத்தி வைக்கும். அதனால் நெஞ்சு கொஞ்ச நேரம் படபடக்கலாம். பிரஷர், இதய நோய், தைராய்டு இருந்தாலும், முன்பு ஏதாவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலும், டாக்டரிடம் முதலிலேயே சொல்லிடணும். கர்ப்பத்தையும் மறைக்கக் கூடாது. 4 முதல் 6 மாதம் வசதியான காலம். சீழும் வலியும் என்றால் எந்த மாதமும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போயிடுமாம்! மாமியார் காலத்துப் பேச்சு. பல் நரம்பு வேற, பார்வை நரம்பு வேற.

வெறும் வயிற்றோடு போகாதீங்க, தலை சுத்தும். பிறகு உதடு 2, 3 மணி நேரம் தடித்த மாதிரி இருக்கும். அதுவரை சூடான காபி வேண்டாம். பிள்ளைகள் என்றால் கூடவே இருக்கணும். மரத்த உதட்டைத் தெரியாமல் கடித்துப் புண்ணாக்கிக்கும்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. தனியாகப் போகப் பயந்தால், குழுவில் ஒருத்தரைத் துணைக்குக் கூப்பிடுங்க.