மழையை அளந்து காட்டு, நஷ்டத்தைக் கணக்கெடு!
(வட்டக் கோரிக்கை மாநாட்டில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



பருவநிலை மாறிப்போச்சுன்னு சொன்னா நம்ம ஊர் டீக்கடையில சிரிக்கிறாங்க. "1952-லயும் புயல் வந்துச்சு, 1977-லயும் வந்துச்சு. அப்ப எந்தப் பருவநிலை மாறுச்சு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு கஜாவை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. பல வருஷத்துக் கணக்கு வேண்டும்.

அந்தச் சந்தேகத்துக்கு அரசாங்கம் என்ன பதில் சொல்லுது? அதைத்தான் நாம பார்க்கணும்.

இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள் கரைந்துவிடும் என்று ஐ.நா. விஞ்ஞானிகள் குழுவின் அறிக்கை 2007-இல் சொன்னது. நம் மத்திய அரசே அதை நம்பவில்லை. 2009-இல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நம் நாட்டு நிபுணரின் அறிக்கையை வெளியிட்டு எதிர்க்கேள்வி கேட்டார். 2010 ஜனவரியில் அந்த ஆண்டுக் கணக்கு தப்பு என்று குழுவும் ஒத்துக்கொண்டது. தப்பானது வருஷம்தான், பனி உருகுவது பொய்யில்லை. அரசாங்கத்துக்குச் சந்தேகம் வந்தா ஆய்வு நடக்குது, அறிக்கை வருது.

இன்னொரு பதிலும் உண்டு. 2014 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். பள்ளிப் பிள்ளைகளிடம் பேசிய பிரதமர், பருவநிலை மாறவில்லை, நாம்தான் மாறிவிட்டோம் என்றார். அடுத்த வருஷமே பாரிஸ் மாநாட்டில் அதே பிரதமர், இது உலகத்துக்கே பெரிய சவால் என்று பேசினார். கேட்கிற ஆளைப் பொறுத்துப் பேச்சு மாறுது!

2020-இல் மத்திய புவி அறிவியல் அமைச்சகமே கணக்கு வெளியிட்டது. 1901-லிருந்து 2018-க்குள் நாட்டின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது என்று சொன்னது. நல்ல வேலைதான். ஆனா அது இங்கிலீஷ் புத்தகமா வந்துச்சு. நமக்கு வந்தது விழிப்புணர்வுப் பேரணி, மனிதச் சங்கிலி, மரக்கன்று. கேள்வி கேட்டவனுக்குக் கணக்கைக் காட்டாமல் கோஷம் போடச் சொன்னா எப்படி நம்புவான்?

2023 பிப்ரவரியில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்தது. மேடையில் இதற்குப் பெயர் பருவநிலை மாற்றம். கொள்முதல் நிலையத்துக்குப் போனா, "ஈரப்பதம் 17-க்கு மேல, மூட்டையைத் திருப்பு" என்பார்கள். மத்தியக் குழு வந்து, நெல்லை மாதிரி எடுத்துப் போய், டில்லியில் கையெழுத்தான பிறகுதான் தளர்வு வரும். அதுவரைக்கும் நெல்லு காத்திருக்குமா? முளைச்சிடும்!

ஒன்றை நாம் நினைவில் வைக்க வேண்டும். "எல்லாம் கட்டுக்கதை" என்று நாமே சொன்னால் லாபம் யாருக்கு? மாறவே இல்லாத ஒன்றுக்கு நிவாரணம் எதற்கு என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். அதனால சந்தேகப்படுவோம், கேள்வி கேட்போம். கேட்பதோடு நிறுத்தாமல் கணக்கும் கேட்போம். அரசு தனக்குச் சந்தேகம் வந்தபோது செய்ததைத்தான் நமக்கும் செய்யச் சொல்கிறோம்.

நம் கோரிக்கைகள்:

1. வருவாய் கிராமம்தோறும் மழைமானி வை! தினசரி அளவை ஊராட்சிப் பலகையில் எழுது! பழைய வருஷக் கணக்கையும் தமிழில் கொடு!

2. பயிர்க் காப்பீட்டுக்கான அறுவடைப் பரிசோதனையை விவசாயிகள் முன்னிலையில் நடத்து! முடிவை அங்கேயே ஒட்டு!

3. அறுவடைக் காலத்தில் மழை பதிவானால், குழுவுக்குக் காத்திருக்காமல் ஈரப்பதத் தளர்வு தானாக அமலாகட்டும்!

4. கொள்முதல் நிலையங்களில் கூரையும் உலர்களமும் அமைத்துக் கொடு!

இதில் ஒன்றுகூட பிச்சை இல்லை. வானம் நம் கையில் இல்லை. மழைமானியும் தராசும் அரசாங்கத்தின் கையில் இருக்கின்றன. அளந்து காட்டினால், டீக்கடையில் சிரிக்கிறவரும் நம்புவார்.

குடும்பத்தோடு வட்டாட்சியர் அலுவலகம் முன்பு திரள்வோம்! வெல்வோம்!