பந்தியும் பாடமும்



அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த மிஷனரிமார் 1845-ஆம் ஆண்டில் கோடைக்கானலில் தங்கள் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1847-இல் அதே மிஷன், தன் ஊழியர் எவரும் சாதி பாராட்டலாகாது எனத் தீர்மானித்தது. சமபந்தியில் உண்ண மறுத்தோரை விலக்கிவைத்தது. போதிக்கும் வாயினும் உண்ணும் கையே உண்மை பேசும் என்பதை அன்றே கண்டார்கள்.

இலண்டன் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் திருச்சபையில் 1977-இல் தொடங்கிய ஆல்பா வகுப்பும் உணவு, உரை, கலந்துரையாடல் என்னும் முறையிலேயே இன்று உலகெங்கும் நடைபெறுகிறது.

இம்மலையூர்களில் சபையாருக்கும் நண்பர்களுக்கும் அத்தகைய வகுப்பு நடத்த விரும்பும் இளைஞர்களுக்குச் சில சொல்வேன். காப்பித் தோட்ட வேலை முடிந்த மாலையில், ஒருவர் இல்லத்தில் கூடுங்கள். பன்னிருவருக்கு மேல் வேண்டா. எழுத்தறியாதவர் நாணாதபடி, வேதப்பகுதியை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். "சபைக்குள்ளும் சாதி உண்டா?" என்று நண்பர் வினவினால், மழுப்பாமல் விடையளியுங்கள். அவர் நம்பாமற் போனாலும் நண்பராகவே வழியனுப்புங்கள்.

எல்லாவற்றிற்கும் முன்னதாக, நம் அடுப்பில் வெந்த சோற்றை அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணட்டும். அவ்வரிசையில் நமக்கு இடமில்லையேல், அங்கு ஓதப்படுவது நமக்கு நற்செய்தி ஆகாது. அந்தப் பாயை விரிக்க வேண்டியவர்கள் நீங்களே.