முழங்கால் வலியும் மூட்டு ஊசியும்



நம் காலனியில் லிப்டு இல்லாத மாடி வீடுகள் பல. பிள்ளைகளோடு வாழ ஊரிலிருந்து வந்த மூதாட்டியர் சிலர் மூன்றாம் மாடியை விட்டு இறங்கிப் பல மாதங்கள் ஆயின. இன்றைய விழாவிற்கும் அவர்கள் வரவில்லை. 'வயதாகிவிட்டது, முழங்கால் வலிக்கத்தான் செய்யும்' என்று நாமும் வாளாவிருந்தோம். வலி பொறுக்க முடியாதபோது, 'ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடும்' என்று சேமிப்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். இவ்வூசி எவ்வளவு செய்யும் என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு நாளடைவில் தேய்வது இந்நோயின் முக்கியக் கூறாகும். மூட்டிற்குள் ஹைட்ரோகார்ட்டிசோனைச் செலுத்திக் கண்ட பயனை அமெரிக்க மருத்துவர் ஹாலண்டர் குழுவினர் 1951ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இவ்வகை ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தைத் தணிக்கும், சில வாரங்கள் வலியைக் குறைக்கும், தேய்ந்ததை வளர்க்காது. 140 பேருக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஈராண்டு ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. உப்புநீர் ஊசி பெற்றோரைவிட ஸ்டீராய்டு பெற்றோருக்கே குருத்தெலும்பு மிகுதியாகக் குறைந்தது. வலியிலோ குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை.

நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் ஊசியொன்றும் உண்டு. அதன் விலையோ அதிகம். 288 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஓராண்டு கழிந்தபின் உப்புநீரைவிட அது மேம்பட்டதாகத் தெரியவில்லை.

அப்படியாயின் ஊசியே வேண்டாமா? அவ்வாறு நாம் கூறவில்லை. வீங்கி நோகும் வேளையில் அது கைகொடுக்கும். ஆனால் கிடைத்த அந்தச் சில வாரங்களைப் படுக்கையில் கழிக்காமல், தொடைத் தசையை வலுப்படுத்தப் பயன்படுத்த வேண்டும். 156 பேரை ஓராண்டு கவனித்து 2020இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி பெற்றவர்களைவிட இயன்முறைப் பயிற்சி பெற்றவர்களே வலி குறைந்து நன்கு நடமாடினர். நாற்காலியில் அமர்ந்து, காலை நீட்டிச் சற்று நிறுத்தி, மெல்ல இறக்கும் பயிற்சிக்குச் செலவேது?

ஊசிக்கு முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்போம்: என்ன மருந்து? எத்தனை நாள் பயன் தரும்? மீண்டும் எப்போது போடலாம்? நீரிழிவு உடையோர் அதனை மறவாது சொல்லவேண்டும். ஸ்டீராய்டு ஊசிக்குப்பின் சில நாள் சர்க்கரை ஏறக்கூடும்.

இன்று மாலையே அம்மூதாட்டியர் வீட்டுக் கதவைத் தட்டுவோம், பயிற்சிக்குத் துணையிருப்போம். அடுத்த ஆண்டு விழாவில் அவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கக் காண்போமாக!