சாட்சி வந்து நின்றால்



நாஸ்திகப் பிரசாரத்தையே தம் நீண்ட ஆயுளின் பெரும்பகுதிக்குப் பணியாகக் கொண்டிருந்த பெரியார் ஈ. வெ. ராமசாமி அவர்களிடம், கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சொல்லி வருகிறீர்களே, அந்தக் கடவுளே ஒருநாள் உங்கள் எதிரில் வந்து நின்றுவிட்டால் அப்போது என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டதாகவும், அதற்கு அவர் சற்றும் தயங்காமல், வந்துவிட்டால் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகிறேன், இதில் எனக்கு என்ன கஷ்டம் என்ற கருத்துப்பட விடை சொன்னதாகவும் ஒரு செய்தி தமிழ்நாட்டில் வெகுகாலமாக வழங்கி வருகிறது. கேட்டவர் அவரை மடக்க நினைத்துக் கேட்டார். மடங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை என்பது அந்த விடையில் தெரிந்துவிட்டது.

இந்த விடையை ஆஸ்திகர்களும் சரியாக மதிக்கவில்லை, அவரைப் பின்பற்றியவர்களில் பலரும் சரியாக மதிக்கவில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஏதோ சாமர்த்தியமாகச் சொன்ன மறுமொழி என்று கைதட்டிவிட்டு இரு சாராரும் எழுந்து போய்விட்டார்கள். ஆனால் சற்று நின்று யோசித்தால், சாட்சி இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒன்றை இல்லை என்று சொல்கிறவன், சாட்சி வந்து நின்ற அந்தக் கணத்திலேயே உண்டு என்று சொல்லக் கடமைப்பட்டவன் என்பதும், அப்படிச் சொல்ல மறுப்பவன் நாஸ்திகனாக இருப்பதைக் காட்டிலும் பிடிவாதக்காரனாகவே இருக்கிறான் என்பதும் விளங்கும். அந்த வகையில் அது சத்தியமான விடை. அதே சமயம், அவர் கொடுத்த வாக்குறுதி எவ்வளவு தூரம் செல்கிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். இருக்கிறார் என்று சொல்வேன் என்றாரேயன்றி, கும்பிடுவேன் என்று அவர் சொல்லவில்லை. கடவுள் உண்டென்பதற்கு நிரூபணம் கிடைத்தால் நாஸ்திகனின் நம்பிக்கை மாறுமா என்று இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் முழுவதும், உண்டு என்பதற்கும் கும்பிடுவது என்பதற்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியிலேதான் கிடக்கிறது.

நிரூபணம் என்றால் எதை நிரூபணம் என்று ஒப்புக்கொள்வது என்பதை நம் முன்னோர் மிகவும் நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். கண்ணால் கண்டதே பிரமாணம், மற்றவை செல்லா என்றார்கள் உலோகாயதர். காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளையும் கொண்டு நடத்தினார்கள் நம் சைவ சித்தாந்திகள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் இயற்றியபோது, அதன் பரபக்கத்தில் பிற மதங்களை நிறுத்தி வைத்து விசாரிக்கத் தொடங்கி, முதல் ஆளாக அழைத்தது அந்த உலோகாயதரைத்தான். இல்லை என்பவனை ஏசித் துரத்திவிடாமல், அவன் வாதத்தை அவன் வாயாலேயே முழுக்கச் சொல்லவிட்டு, அதன் பிறகு மறுப்புச் சொல்லும் அந்த மரியாதை நம் நாட்டுத் தர்க்க மரபுக்கு உரியது. அருணந்தியாருக்கு ஆசிரியரான மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் சூத்திரங்கள் 12. தோன்றி நின்று ஒடுங்குகிற உலகத்தைக் காட்டி, இதற்கு ஒரு கர்த்தா உண்டென்று அனுமானிப்பது அவற்றுள் முதல் சூத்திரத்தின் வேலை. எஞ்சிய சூத்திரங்களோ உயிரின் இயல்பு, அதைப் பிணித்திருக்கும் பாசம், அந்தப் பிணிப்பு நீங்கும் வழி, நீங்கியவர் நிற்கும் நிலை என்று விரிந்து போகின்றன. உண்டு என்று நாட்டியதோடு வேலை முடிந்தது என்று அந்த ஞானி கருதியிருந்தால் ஒரு சூத்திரமே போதுமாயிருந்திருக்கும்.

இனி, நம்முடைய இராமநாதபுரக் கரைக்கு வருவோம். கடலாடி வட்டத்துச் சிக்கலிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் கண்மாய் நிறைவதும் வற்றுவதும் மழையின் கையில் இருப்பதால், மழைக்கும் தெய்வத்துக்கும் முடிச்சுப் போடாமல் இங்கே யாரும் வளர்வதில்லை. முளைப்பாரி எடுத்த மூன்றாம் நாள் மழை இறங்கினால் ஆத்தாள் கண் திறந்தாள் என்பார்கள். இறங்காவிட்டால் ஊரில் ஏதோ குற்றம் நடந்திருக்கிறது என்பார்கள். இரண்டு விதத்திலும் ஆத்தாளுக்கு வழக்கில் தோல்வி கிடையாது. அப்படியே, ஊரில் பெரியாரைப் பின்பற்றும் ஒரு கருப்புச்சட்டைக்காரர் இருந்து, மழை பெய்தால் அது மேகத்தின் காரியம் என்றும், பெய்யாவிட்டால் பார்த்தீர்களா உங்கள் சாமியை என்றும் சொல்வாரானால், அவர் பக்கத்துக்கும் தோல்வி கிடையாது.

இது சிறிய காரியம். பெரிய காரியம் ஒன்று, 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியில் நடந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்டு வந்த பயணிகள் ரயில், ஊர் எல்லைக்கு வந்து சேரும் தறுவாயில் கடல் பொங்கி எழுந்து, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு அதை மூடிவிட்டது. ரயில் நிலையம், தபால் நிலையம், மாதா கோயில், மக்கள் குடியிருந்த வீடுகள் எல்லாம் சிதைந்து, மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று அரசாங்கமே அறிவிக்கும் நிலைக்கு அந்த ஊர் வந்துவிட்டது. இவ்வளவுக்கும் நடுவில், இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் வழியில், விபீஷணனுக்குப் பட்டாபிஷேகம் நடந்த இடம் என்று சொல்லப்படும் கோதண்டராமர் கோயில் மட்டும் இடியாமல் நின்றது. இன்றும் அங்கே போகிற யாத்திரிகருக்கு ஆட்டோ ஓட்டுகிறவரும் கடைக்காரரும் முதலில் எடுத்துச் சொல்லும் செய்தி அதுதான்.

ஆஸ்திகர் அந்தக் கோயிலைக் காட்டி, இதைவிடப் பிரத்யக்ஷமான பிரமாணம் வேறென்ன வேண்டும் என்கிறார். நாஸ்திகர் கோயிலைப் பார்க்கவில்லை, ரயிலைப் பார்க்கிறார். சுவரைக் காப்பாற்றியவர் அந்தப் பெட்டிகளில் தாய்மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைக் காப்பாற்றாதது ஏன் என்று கேட்கிறார். கவனியுங்கள்: இந்தக் கேள்வி, காப்பாற்றக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்பதைப் பேச்சுக்காக ஒப்புக்கொண்ட பிறகு எழுகிற கேள்வி. இருக்கிறார் என்று நீங்கள் எவ்வளவுக்கு உறுதியாக நிரூபிக்கிறீர்களோ, அவ்வளவுக்கு இந்தக் கேள்வி கூர்மையாகிறது. அவர் இல்லையென்றால் புயல் வெறும் புயல்தான். இருந்தால் அந்த இரவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியவராகிறார். நிரூபணம் வந்துவிட்டால் நாஸ்திகன் வாய் அடைபடும் என்று எண்ணுகிற பக்தர்கள், அன்றைக்குத்தான் அவன் வாய் திறக்கும் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

வாதத்தினாலேயே மனம் மாறிய ஒரு நாஸ்திகர் உண்டா என்று கேட்டால், மேல்நாட்டில் ஒருவரை நான் காட்டுவேன். ஆன்டனி ஃப்ளூ என்ற ஆங்கிலேயத் தத்துவாசிரியர், பாதிரியாரின் பிள்ளையாகப் பிறந்தும் இளமையிலேயே நாஸ்திகரானவர். கடவுள் உண்டென்ற கூற்று எந்தச் சாட்சியாலும் பொய்யாக முடியாதபடி வளைந்து கொடுத்துக்கொண்டே போகிறது என்று 1950இல் அவர் எழுதிய சிறு கட்டுரை உலகமெங்கும் படிக்கப்பட்டது. அவரே எண்பது வயதைக் கடந்த பிறகு, 2004இல், உயிரணுக்களின் அமைப்பிலுள்ள சிக்கலையும் ஒழுங்கையும் பார்த்து, இதற்குப் பின்னால் ஓர் அறிவு இருக்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டார். வயதின் தளர்ச்சி என்று பழைய தோழர்கள் வருந்தினார்கள், மாதாகோயில்களில் மகிழ்ச்சி. ஆனால் அவர் எந்த மாதாகோயிலிலும் சேரவில்லை, மறுமையை ஏற்கவில்லை, மண்டியிடவும் இல்லை. அரிஸ்டாட்டில் சொன்ன முதற்காரணம் போன்ற ஒன்று உண்டு என்ற அளவில் நின்றுகொண்டு, 2010இல் காலமானார். சாட்சியைக் கண்டால் மாறுவேன் என்ற சொல்லை ஒரு நாஸ்திகர் நாணயமாக நிறைவேற்றினார். அப்படி நிறைவேற்றியும் அவர் வாழ்க்கையில் பெயர்ப்பலகை மாறியதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

நம் நாட்டு நாஸ்திகம் இன்னும் வேறு வகையானது. பெரியாரின் சரித்திரத்தில் 1904ஆம் ஆண்டுக் காசி யாத்திரை ஒரு முக்கியமான கட்டம். பசியோடு அன்னசத்திரத்தின் வாசலுக்குப் போனவரை, பிராமணர் அல்ல என்று தடுத்து வெளியே தள்ளியதும், வேறு வழியின்றி வீதியில் எறியப்பட்ட எச்சில் இலைகளில் மிஞ்சியிருந்ததை அவர் உண்டதும், அந்தச் சத்திரமே பிராமணரல்லாத ஒரு தென்னாட்டுத் தனவந்தரின் கொடை என்பதை அவர் பின்னர் அறிந்ததும் பலமுறை எழுதப்பட்டிருக்கின்றன. அந்த இலையின் முன்னால் குந்தியிருந்த மனிதரிடம் ஒருவர் போய், கடவுள் உண்டென்பதற்கு அசைக்க முடியாத அனுமானம் என்னிடம் இருக்கிறது என்று சொன்னால் அவருக்கு அது என்ன பிரயோஜனம்? கடவுள் இருக்கிறாரா என்பது அங்கே அவருடைய வழக்கே இல்லை. கடவுள் பெயரால் கதவு சாத்தப்பட்டதுதான் வழக்கு. அந்த வழக்குக்குத் தீர்ப்பு வேறு இடத்தில் வரவேண்டும்.

இதனால்தானோ என்னவோ, மனிதருக்கு மனிதர் மரியாதை என்று வரும்போது பெரியாருக்குக் கடவுள் ஒரு தடையாக இருந்ததில்லை. குன்றக்குடி மடத்துக்கு அவர் சென்றிருந்தபோது, மடத்தின் தலைவரான அடிகளார் தந்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்பது நாடறிந்த செய்தி. பொதுக்கூட்டத்தில் கடவுள் வாழ்த்துப் பாடினால், தள்ளாத வயதிலும் பக்கத்திலிருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். எங்கள் பக்கத்துக் கிராமங்களிலும் இந்தப் பண்பைப் பார்த்திருக்கிறேன். ஐயனாருக்குப் புரவி எடுப்பு என்று ஊர் கூடி முடிவு செய்து தலைக்கட்டு வரி போட்டால், கருப்புச்சட்டை போட்ட பெரியவர் தம் பங்கை முதல் ஆளாகக் கொண்டுவந்து கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, ஊர் ஒற்றுமைக்கு என்று எழுதிக்கொள் தம்பி, சாமிக்கு என்று எழுதாதே என்று சொல்லிப் போவார். மண்குதிரைகள் வீதியில் வரும்போது வழி ஒதுக்கிக் கொடுப்பதும் அவர்தான். கை மட்டும் கூப்பமாட்டார்.

அப்படியானால் நாஸ்திகம் பேசியவர் பக்தராக மாறியதே இல்லையா? மாறியிருக்கிறார்கள். அப்போதைய இராமநாதபுரம் ஜில்லாவில் சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்த கண்ணதாசன், திராவிட இயக்கத்து மேடைகளில் நாஸ்திகம் பேசியவர். பழிப்பதற்காகக் கம்பனைப் படிக்க எடுத்து, படித்து முடிப்பதற்குள் அவனிடமே அகப்பட்டுக்கொண்டதை அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் அர்த்தமுள்ள இந்து மதம் எழுதிய கை அதே கை. அவருக்கு யாரும் சூத்திரம் சொல்லி நிரூபிக்கவில்லை. கவிதை அவரைப் பிடித்துக்கொண்டது, பட்ட துன்பங்கள் மிச்சத்தைச் செய்தன.

இதைவிட நெருக்கமான உதாரணம் ஒன்று, நம் குந்துகால் கரையிலேயே வந்து இறங்கியது. 1897 ஜனவரி இறுதியில் பாஸ்கர சேதுபதி மன்னர் எதிர்கொண்டு வரவேற்ற விவேகானந்தர், பதினாறு ஆண்டுகளுக்கு முன் நரேந்திரன் என்ற கல்லூரி மாணவராக, நீங்கள் கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா என்று கண்டவரையெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தவர். ஆம், உன்னைப் பார்ப்பதைவிடத் தெளிவாகப் பார்க்கிறேன் என்று தக்ஷிணேசுவரத்தில், பின்னாளில் அவருக்குக் குருவான ஒரே ஒருவர் பதில் சொன்னார். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு அவர் உடனே காலில் விழுந்துவிட்டாரா? இல்லை. பணத்தைத் தொட்டால் உடல் கூசும் என்கிறாரே, அது மெய்தானா என்று குருவின் படுக்கைக்கடியில் காசை ஒளித்துவைத்துச் சோதித்தார். தகப்பனார் இறந்து வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் கடவுள் உண்டா என்று மறுபடியும் சீறினார். சாட்சி கையருகே இருந்த காலத்திலும் அந்த மனம் தன் கேள்வியை விட்டுக்கொடுக்கவில்லை. பல ஆண்டுகள் ஒரு மனிதரின் அன்பில் கிடந்து, வெந்து, மெல்ல மெல்லவே கனிந்தது. அப்படிக் கனிந்தவர் இராமேசுவரம் கோயிலில் பேசியபோது, கடவுள் உண்டென்று வாதாடுவதில் பொழுதைப் போக்கவில்லை. ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காணாதவன் லிங்கத்தில் மட்டும் அவனைக் காண்பது வழிபாட்டின் தொடக்கநிலைதான் என்பது அந்தப் பேச்சின் சாரம். காசியில் சத்திரத்துக் கதவைச் சாத்தியவர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

வாதத்தின் எல்லையைக் கண்ட இன்னொருவரும் நம் பக்கத்தில் உண்டு. இராமநாதபுரத்தில் லட்சுமிபுரத்துக்குப் போனால் தாயுமான சுவாமிகளின் சமாதி இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் நாயக்க மன்னரிடம் பெரிய உத்தியோகம் பார்த்து, அதை உதறிவிட்டு வந்து, தம் கடைசிக் காலத்தை இந்த மண்ணில் கழித்த அவர் தர்க்கம் தெரியாதவர் அல்லர். ஒருவர் கர்மமே பெரிதென்றால் ஞானத்தை நாட்டவும், ஞானமே பெரிதென்றால் கர்மத்தை நாட்டவும், வடமொழிவாணர் வந்தால் தமிழில் மடக்கவும் தமக்கு முடியும் என்பதைச் சொல்லி, இந்த வித்தையால் முக்தி கிடைத்ததா என்று மனம் நொந்து பாடியவர் அவர். அப்படிப்பட்டவர் பராபரக்கண்ணியில் 389 கண்ணிகளாக இறைவனை அழைக்கும்போது, எல்லா உயிரையும் தன் உயிராகக் கருதி இரங்கும் நெஞ்சை எனக்குக் கொடு என்று ஓரிடத்தில் வேண்டிக்கொள்கிறார். எச்சில் இலையின் முன் குந்தியிருந்த அந்தப் பசித்த வாலிபருக்கு இந்த வேண்டுதலில் ஆட்சேபம் சொல்ல ஒரு வார்த்தையும் இருந்திராது. யாரைப் பார்த்து வேண்டுவது என்பதில்தான் அவருக்குத் தகராறு, நிரூபணம் தீர்த்து வைக்கக்கூடியதும் அந்த ஒரு தகராறைத்தான்.