ராக்கெட் வியாபாரமும் நாமும்



அரை வயிற்றுக் கஞ்சிக்குப் போராடுகிறவர்களுக்கு ராக்கெட் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். அந்த ராக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் நாம். தீப்பெட்டி வாங்கினாலும் வேட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறோமே!

1963 நவம்பர் 21-ல் திருவனந்தபுரம் பக்கத்திலுள்ள தும்பாவில் முதல் ராக்கெட் கிளம்பிற்று. அது அமெரிக்க ராக்கெட். இடம் மீனவர்களுடையது. ஊரைக் காலி செய்து கொடுத்தார்கள். அவர்களுடைய மாதா கோயிலே ஆபீசாயிற்று. அங்கே தொடங்கித்தான் சொந்தமாக ராக்கெட் செய்யப் படித்தோம்.

இப்போது உலகச் சந்தை மாறிவிட்டது. ஸ்பேஸ்எக்ஸ் என்ற அமெரிக்க முதலாளிக் கம்பெனி, ஏவிய ராக்கெட்டின் அடிப்பாகத்தைத் திரும்ப இறக்கி மறுபடியும் ஏவுகிறது. செலவு குறைகிறது. 2024 நவம்பரில் நமது 4,700 கிலோ செயற்கைக்கோள் ஒன்றை அந்தக் கம்பெனிதான் சுமந்து சென்றது. அந்தப் பாரத்தை அந்தப் பாதைக்குத் தூக்க நம்மிடம் ராக்கெட் இல்லை. உண்மையை ஒளிப்பானேன்?

டில்லி சர்க்கார் இதற்கு என்ன வழி கண்டது? 2020-ல் தனியாருக்குக் கதவைத் திறந்தது. 2024-ல் அந்நிய மூலதனத்துக்கும் திறந்தது: முன் அனுமதி கேட்காமலே செயற்கைக்கோள் தொழிலில் 74 சதவீதம், ராக்கெட் தொழிலில் 49 சதவீதம் வரை போடலாம்.

எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் முதல் முறை தோற்றது. செயற்கைக்கோள்கள் சரியான பாதையில் சேராமல் வீணாயின. நஷ்டம் பொதுப் பணத்தில். 2023-லும் 2024-லும் வெற்றி. உடனே அதைச் செய்யும் வித்தை ஏலத்துக்கு வந்தது! 2025 ஜூனில் 511 கோடி ரூபாய்க்கு எடுத்தது ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ். அது பொதுத்துறைக் கம்பெனி என்பதில் நமக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் போட்டியில் தனியாரும் இருந்தார்கள். அடுத்த ஏலம் யாருக்குப் போகும்?

இந்த ராக்கெட்டுக்காகவே தூத்துக்குடி ஜில்லா குலசேகரப்பட்டினத்தில் 2,000 ஏக்கருக்கு மேல் எடுத்து ஏவுதளம் கட்டுகிறார்கள். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போகவேண்டும். சுற்றுவழியில் போகிற வண்டியில் பாரத்தைக் குறைக்கத்தானே வேண்டும்? குலசேகரப்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே போகலாம். நல்ல ஏற்பாடுதான், நாம் எதிர்க்கவில்லை. தனியார் ராக்கெட்டுகளும் அங்கிருந்து கிளம்பப் போகின்றன. அப்படியானால் தளத்துக்கு என்ன வாடகை? நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைக்கு அங்கே நிரந்தர வேலையா, காண்டிராக்டரிடம் தினக்கூலியா? வாய்ப்பேச்சு போதாது, தோழர்களே. எழுத்தில் வாங்கவேண்டும்.