பாவில் அறுந்த இழை

(ஆரணியில் வாக்குச்சாவடி முகவர்களிடையே ஆற்றிய உரை)



இன்று காலை நெசவாளர் தெரு வழியே நடந்து வந்தேன். தறியில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், நாடாவை நிறுத்திவிட்டு, பாவில் அறுந்துபோன இழையொன்றைத் தேடி எடுத்து முடிந்துகொண்டிருந்தார். “இத்தனை ஆயிரம் இழைகளில் ஒன்று அறுந்தால் என்ன, ஐயா?” என்றேன். “இப்போதே முடியாவிட்டால் சேலை நெடுக அந்தக் கோடு ஓடுமே, தம்பி!” என்றார்.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். விட்ட பாடத்தை அந்தத் தறி எனக்கு நடத்திற்று. ஊடையைப் பற்றியே நாம் ஓயாது பேசுகிறோம். பாவைப் பார்க்க மறந்துவிடுகிறோம். வாக்கு ஊடை என்றால், வாக்காளர் பட்டியல் பாவு அன்றோ!

2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழகத்திலேயே மிகுதியாக வாக்குப் பதிவானது தருமபுரியில், 81 விழுக்காட்டுக்கு மேல். மிகக் குறைவாகப் பதிவானது மத்திய சென்னையில், 54 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. 2022 பிப்ரவரி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலிலோ, பேரூராட்சிகளில் ஏறத்தாழ 75, நகராட்சிகளில் 68, மாநகராட்சிகளில் 52 விழுக்காடு. சென்னை மாநகராட்சியில் 44ஐக்கூட எட்டவில்லை. ஊர் பெரிதாகப் பெரிதாக வாக்கு சிறிதாகிறது!

“பட்டணத்துக்காரன் சோம்பேறி” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாமா? சோம்பலும் உண்டு, சலிப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், கணக்கையும் சற்றுக் கேளுங்கள்.

ஒரு தெருவில் 100 பெயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 20 பேர் இறந்தவர்கள், அல்லது வீடு மாறிப் போனவர்கள். 54 பேர் வாக்களித்தால் 54 விழுக்காடு என்று எழுதுவார்கள். மெய்யாக அங்கே வாழ்பவர் 80 பேர்தாம். அந்தக் கணக்கில் 67ஐத் தாண்டிவிடும். வாடகை வீடு மாறுவோர் நிறைந்த பெருநகரில் இந்தப் பிழை பெருகாமல் என்ன செய்யும்?

இதன் மறுபக்கந்தான் என்னை அச்சுறுத்துகிறது. அதே தெருவில் உயிரோடு வாழ்ந்தும் வாக்களிக்க வராத 20 பேரின் பெயரை அடித்துவிட்டாலும் விழுக்காடு உயரும்! ஆள் வந்து உயர்வது ஒன்று. பெயர் போய் உயர்வது வேறொன்று. முன்னது மக்களாட்சியின் மலர்ச்சி. பின்னது வெறும் எண்ணின் வீக்கம்!

2025 டிசம்பரில், சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் தமிழகத்தின் வரைவுப் பட்டியல் வெளியாயிற்று. 97 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் அதில் இடம்பெறவில்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 இலட்சத்துக்கு மேல். இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இருமுறை பதிவானோர் என்று காரணம் கூறப்பட்டது. இறந்தவர் பெயர் நீங்கத்தான் வேண்டும். இருப்பவர் பெயர் ஒன்றேனும் அதனுடன் சேர்ந்து போயிற்றா என்று வாசற்படி ஏறிக் கேட்கவேண்டியவர் யார்? நாமல்லவா!

வரலாறும் இதைச் சொல்கிறது. 1951–52 முதல் பொதுத் தேர்தலின்போது, வடபுலத்தில் பெண்கள் பலர் “இன்னாரின் மனைவி”, “இன்னாரின் மகள்” என்றே பதிந்தனர். தம் பெயரைச் சொல்லவில்லை. அவ்வாறு ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலுக்கு வெளியே நின்றனர். வாக்குரிமை இருந்தது, பெயர் இல்லை. பெயர் இல்லாததால் உரிமையும் இல்லாமற்போயிற்று!

பிறரை ஏன் சொல்லவேண்டும்? “வாக்களிக்கத் தவறாதீர்” என்று ஊர் ஊராக முழங்கியவன் நான். அந்தத் தேர்தலில் என் வாக்குச்சாவடிக்குப் போனேன். என் பெயர் இல்லை! வீடு மாறியவன் பெயரை மாற்றவில்லை. பழைய தெருவில் நீக்கிவிட்டார்கள், புதிய தெருவில் நான் சேரவில்லை. குற்றம் என்னுடையதே. நாடகம் எழுதுகிறவனுக்கே நகைச்சுவைப் பாத்திரம் கிடைத்தது, தோழர்களே!

இனி நம் தறிகளுக்கு வருவோம். தேர்தல் நாளில் ஊதியத்துடன் விடுமுறை தரவேண்டும், நாட்கூலிக்கும் அது உண்டு என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. நன்று! ஆனால், சேலைக்கு இத்தனை என்று கூலி பெற்று வீட்டுத் தறியில் நெய்பவர், வரிசையில் நிற்கும் நேரத்துக்குக் கூலி தருபவர் யார்? அவர் வரவில்லை என்றால் வையாதீர்கள். காலை ஏழு மணிக்கே கூட்டம் குறைந்த நேரம் பார்த்துச் சொல்லி அழைத்து வாருங்கள். முதியவருக்குத் துணை நில்லுங்கள்.

இன்னொன்றும் சொல்வேன்; சிலருக்குக் கசக்கும். பட்டியலோடு வீடு வீடாகச் செல்லும்போது, மாற்றுக் கட்சிக்காரர் பெயர் விடுபட்டிருந்தால் மௌனமாகத் திரும்பிவிடாதீர்கள். “அண்ணே, உங்கள் பெயர் இல்லை, 6ஆம் படிவம் எழுதிக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். அவர் வாக்கு நமக்கு எதிராக விழலாம், விழட்டும்! வாதாடி வெல்வோம், பெயரை மறைத்து வெல்ல வேண்டாம்.

கட்சி பார்த்து இழை முடியும் நெசவாளி உண்டா? அறுந்தது எதுவாயினும் முடிகிறார். இல்லையேல் கோடு சேலை முழுவதும் ஓடும். அந்தப் பெரியவரின் விரல்களை நினைவில் வைத்து, நாளைக் காலை உங்கள் தெருவின் முதல் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.